மூக்கு அலர்ஜி எதிர்ப்புச் சக்தி குறைவதால் வருகிறதா?

8 ஜனவரி 2024, காலை 7.10. திருச்சி வாசகர் ஒருவரின் கேள்வி

மார்கழி பிறந்ததிலிருந்து காலையில் கண் விழித்ததுமே தும்மல். மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகுகிறது, ஒன்பது மணிக்கு மேல் தானாக அடங்கிவிடுகிறது. ரத்தப் பரிசோதனையில் ஐஜிஇ அதிகம் என்று வந்தது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்ததால்தான் இப்படி என்று அம்மா தினமும் கஷாயம் வைக்கிறார், எனக்கும் அதுதான் காரணம் என்று படுகிறது. எதிர்ப்புச் சக்தியை ஏற்ற என்ன சாப்பிடலாம்?

8 ஜனவரி, இரவு 9.25

தம்பி, உங்கள் ரிப்போர்ட்டே வேறு கதை சொல்கிறது. ஐஜிஇ என்பது எதிர்ப்புச் செல்கள் தயாரிக்கும் ஒரு ஆன்டிபாடி, அதாவது எதிரியை அடையாளம் கண்டு பிடிக்கும் புரதம். அது கூடியிருந்தால் உங்கள் எதிர்ப்பு மண்டலம் சோர்ந்துபோகவில்லை என்று அர்த்தம். தீங்கு செய்யாத ஒரு பொருளை எதிரி என்று முடிவுகட்டி மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை ஏற்றிவிட வேண்டிய தேவையே இல்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். மூக்குச் சளி ஸ்மியர் பார்ப்பது வழக்கமான வேலை. எனக்கும் தூசி அலர்ஜி உண்டு என்பதால் இந்த விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் அக்கறை.

சாதாரண ஜலதோஷக்காரரின் சளியை ஸ்லைடில் தடவி, லீஷ்மன் சாயம் போட்டு, எண்ணெய் விட்டு 100 லென்ஸில் பார்த்தால் பெரும்பாலும் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள்தான் இருக்கும். உட்கரு மூன்று நான்கு துண்டாக, வெளிறிய செல்கள். அலர்ஜிக்காரரின் ஸ்லைடு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். செங்காவியும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் குருணை குருணையாக நிரம்பிய ஈசினோபில் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் கூட்டமாக நிற்கும். உட்கரு இரண்டே துண்டு, நடுவில் மெல்லிய இணைப்பு, மூக்குக் கண்ணாடி மாதிரி. ஸ்வாப் உரசியதில் சில செல்கள் உடைந்து குருணைகள் வெளியே சிதறிக் கிடக்கும். இரண்டு ஸ்லைடுமே மூக்கு ஒழுகலில் இருந்து எடுத்ததுதான். ஆனால் வந்து சேர்ந்த செல்கள் வேறு, அவற்றை வரவழைத்த காரணமும் வேறு.

வீட்டிலேயே பிரித்துப் பார்க்க வேண்டுமானால் அரிப்பைக் கவனியுங்கள். மூக்கு, கண், மேலண்ணம் அரித்தால் அலர்ஜிப் பக்கம். காய்ச்சல், உடம்பு வலி, தொண்டை வலி, ஒரு வாரம் பத்து நாளில் தீர்வது என்றால் ஜலதோஷம்.

9 ஜனவரி, காலை 6.40

காலைத் தும்மலைப் பற்றி நேற்றுச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உங்கள் சந்தேகப் பட்டியலில் பனியும் குளிர்ந்த நீரும் இருக்கும். நான் முதலில் சந்தேகப்படுவது தலையணையை. டஸ்ட் மைட் என்று டாக்டர்கள் சொல்லும் தூசி உண்ணி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அதற்குச் சாப்பாடு. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் பிழைக்கிறது. அதனால் ஈரப்பதம் நீண்ட நாள் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வறண்டு செத்துவிடும். டெல்டாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

தொல்லை தருவது உண்ணியின் உடம்பைவிட அதன் எச்சம். அதில் இருக்கும் ஒரு புரதத்துக்கு டெர் பி 1 என்று பெயர். அது உண்ணியின் குடலில் இருக்கும் செரிமான நொதி, அதாவது புரதத்தை வெட்டும் வேலை தெரிந்தது. நம் மூக்கின் ஈரச் சவ்வில் வந்து ஒட்டியதும், செல்லுக்கும் செல்லுக்கும் இடையே இறுக்கமாக இருக்கும் இணைப்பையும் வெட்டிவிடுகிறது. அந்த இடுக்கு வழியாக உள்ளே இறங்குகிறது. ராத்திரி முழுக்க முகத்தைத் தலையணையிலேயே புதைத்துத் தூங்கிவிட்டு, காலையில் மார்கழிப் பனியைத் திட்டுகிறோம்.

9 ஜனவரி, இரவு 10.05

சேலத்து ஆசிரியை அக்கா கேட்டிருப்பது நியாயமான கேள்வி: "முப்பது வருஷமாக அதே வீடு, அதே மெத்தை. போன வருஷம்தான் தும்மல் ஆரம்பித்தது. இத்தனை நாள் ஏன் வரவில்லை?"

முதல் கட்டத்தில் வெளியே எதுவும் தெரியாது அக்கா. மூக்குச் சவ்வுக்குள் கிளை கிளையாகக் கைநீட்டிக்கொண்டு டென்டிரிட்டிக் செல்கள் இருக்கின்றன. உள்ளே இறங்கிய புரதத்தை அவை பிடித்து, துண்டாக்கி, பக்கத்து நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் டி செல்கள் என்ற வெள்ளணுக்களுக்குக் காட்டுகின்றன. ஆபத்தில்லை என்று முடிவானால் கதை அங்கேயே முடிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். ஆனால் அந்த நேரத்தில் சவ்வுச் செல்கள் காயப்பட்டு அபாயச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தால் முடிவு மாறலாம். டிஎஸ்எல்பி, இன்டர்லூக்கின் 33 என்று அந்தச் செய்திகளுக்குப் பெயர். அவற்றின் தூண்டுதலில் டி செல்கள் டிஹெச்2 என்ற வகையாக மாறி, இன்டர்லூக்கின் 4, 13 இரண்டையும் சுரக்கின்றன. அதைக் கேட்டு பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள் ஐஜிஇ தயாரிக்கத் தொடங்குகின்றன. அந்த ஐஜிஇ மூக்குச் சவ்வில் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது.

ரத்தத்தில் ஐஜிஇயின் பாதி இரண்டு நாளில் கரைந்துவிடும். மாஸ்ட் செல்லில் ஒட்டியது வாரக்கணக்கில் இருக்கும். இவ்வளவும் நடந்து முடிகிறவரை ஒரு தும்மல்கூட வராது. நீங்கள் தும்மத் தொடங்கிய நாளில் ஏற்பாடெல்லாம் எப்போதோ முடிந்திருக்கும். அதனால்தான் "அன்றைக்கு என்ன சாப்பிட்டேன்" என்று தேடுவதில் பலன் இல்லை என்கிறேன். தயிரும் வாழைப்பழமும் காலம் காலமாகச் செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்குகின்றன.

10 ஜனவரி, பகல் 1.15

ஒட்டிய பிறகு என்ன நடக்கும் என்று கேட்டவருக்கு, சாப்பாட்டு இடைவேளையில் சுருக்கமாக: மறுபடி வந்த உண்ணிப் புரதம், மாஸ்ட் செல்லின் மேல் அருகருகே இருக்கும் இரண்டு ஐஜிஇகளைச் சேர்த்துப் பிடித்தால் போதும். செல்லுக்குள் தயாராக இருக்கும், ஹிஸ்டமின் என்ற ரசாயனம் நிரம்பிய பைகள் நிமிஷக் கணக்கில் வெளியே கொட்டிவிடும். ஹிஸ்டமின் நரம்பு முனையைத் தொட்டால் அரிப்பு, தும்மல். அதே நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போன செய்தி திரும்பி வந்து சளிச் சுரப்பிகளைத் திறந்துவிடுகிறது. ஒரு துளையில் மட்டும் அலர்ஜிப் பொருளை வைத்துப் பார்த்தால் இரண்டு துளையும் ஒழுகுவது அதனால்தான்.

13 ஜனவரி, இரவு 11.30

நாளை போகி என்பதால் இன்று பரண் முழுக்க இறக்கி ஒட்டடை அடித்தோம். இதை எழுதும்போது வாயால்தான் மூச்சு. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், இந்தப் பேச்சுக்குப் பொருத்தமாக இருக்கிறது.

மாலை நான்கு மணிக்குப் பழைய இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை உதறினேன். அடுத்த நிமிஷமே அடுக்குத் தும்மல், கண்ணில் நீர். முகம் கழுவி, உடை மாற்றி, உட்கார்ந்ததும் ஐந்து மணிக்கெல்லாம் அடங்கிவிட்டது. சரி, முடிந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். ஒன்பது மணிக்கு மேல் தும்மலே இல்லாமல் மூக்கு அடைக்க ஆரம்பித்தது. இடது துளை சுத்தமாக மூடிவிட்டது. சாம்பாரில் பெருங்காயம் போட்டார்களா என்றுகூடத் தெரியவில்லை.

இதுதான் அலர்ஜி எதிர்வினையின் இரண்டாம் கட்டம், நாலு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வருவது. மாலையில் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினோடு நிற்கவில்லை. கொழுப்பிலிருந்து லூக்கோட்ரையீன், புரோஸ்டாகிளாண்டின் டி2 என்ற இரண்டு ரசாயனங்களைப் புதிதாகத் தயாரித்தன, அழைப்புச் செய்திகளையும் அனுப்பின. ரத்தக்குழாயின் உட்சுவர் பிசுபிசுப்பாகி, ஓடிக்கொண்டிருந்த ஈசினோபில்கள் அங்கே ஒட்டி, இடுக்கு வழியே சவ்வுக்குள் நுழைகின்றன. இன்டர்லூக்கின் 5 இருக்கும்வரை அவற்றுக்குச் சாவும் தள்ளிப்போகிறது. இவை கொட்டும் புரதங்கள் மூக்குச் சவ்வையே அரிக்கின்றன. சவ்வு வீங்கி, காற்று போகும் வழி குறுகுகிறது.

தும்மலை எல்லோரும் பார்க்கிறார்கள், அதற்கு மாத்திரை உண்டு. தூக்கத்தைக் கெடுப்பதும், பிள்ளைகளை வகுப்பில் அசதியாக உட்கார வைப்பதும் இந்த அடைப்புதான். சத்தமில்லாமல் வருவதால் யாரும் இதை அலர்ஜிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

14 ஜனவரி, காலை 8.00

போகிப் புகை. தெருவெல்லாம் தும்மல். சரியாக இந்த நேரத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார்: "புகையும் அலர்ஜியா?"

புகைக்கு ஐஜிஇ கிடையாது, அது நேரடியாக எரிச்சலூட்டுவது. ஆனால் அலர்ஜி மூக்குக்காரர் மற்றவரைவிடச் சீக்கிரம் அவதிப்படுவார். 1960-களில் அமெரிக்காவில் ஜான் கானல் என்ற மருத்துவர் ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தத்தை அலர்ஜிக்காரர்களின் மூக்கில் நாள்தோறும் அளந்து வைத்துப் பார்த்தார். நாள் போகப் போக, முதல் நாள் தேவைப்பட்ட அளவில் சிறு பங்கே தும்மலைக் கிளப்பப் போதுமானதாக இருந்தது. காரணம், ஒவ்வொரு முறையும் ஈசினோபில்களும் டி செல்களும் சவ்வில் கூடுகின்றன. மாஸ்ட் செல்களே ஆழத்திலிருந்து மேற்பரப்புக்கு நகர்ந்து வருகின்றன. அப்படிப்பட்ட மூக்கில் ஊதுபத்தி, வறுத்த மிளகாய் நெடி, ஏசிக் காற்று எல்லாமே கூடுதலாகப் படும். ஊதுபத்தியை நிறுத்துங்கள், நல்லதுதான். ஆனால் மூக்கை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது பெரும்பாலும் படுக்கையில் இருக்கிறது.

14 ஜனவரி, மாலை 5.50

"உங்கள் லேபில் ரத்தத்தில் ஈசினோபில் அதிகம் என்று வந்தது, ஈஸ்னோபீலியா என்று பேனோசைடு கொடுத்தார்கள், தும்மல் போகவில்லை" என்று நாகப்பட்டினத்து அண்ணன் எழுதியிருக்கிறார்.

நம் ஊரில் அந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு அண்ணே. யானைக்கால் நோய்ப் புழுவின் குஞ்சுகளுக்கு எதிராக உடம்பு மிதமிஞ்சி எதிர்வினை காட்டினால் ராத்திரி இருமல், இளைப்பு, ரத்தத்தில் ஈசினோபில் ஆயிரக்கணக்கில் என்று வரும். அதற்கு டிஇசி, அதாவது பேனோசைடு, சரியான மருந்து. டெல்டாவில் யானைக்கால் பரவலாக இருந்த காலத்தில் அதை நிறையப் பார்த்திருப்பார்கள். மூக்கு அலர்ஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூக்கு அலர்ஜியில் ரத்த எண்ணிக்கை லேசாகத்தான் ஏறும், பலருக்கு ஏறுவதே இல்லை. செல்கள் கூடியிருப்பது மூக்கில்.

குடல் புழு இருந்தாலும் ஈசினோபிலும் மொத்த ஐஜிஇயும் ஏறும். இந்த ஏற்பாடு முழுவதுமே புழுக்களை எதிர்த்து உருவானது என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. திருச்சித் தம்பிக்கும் இதையே சொல்கிறேன். மொத்த ஐஜிஇ எண்ணை மட்டும் வைத்து எதற்கு அலர்ஜி என்று சொல்ல முடியாது. எந்தப் பொருளுக்கான ஐஜிஇ என்று தனியாகப் பார்க்க வேண்டும், அல்லது தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட். அதற்கு முன் ஒரு வாரம் செட்ரிசின் போன்ற மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாமல் போனால் தோல் தடிக்காது, டெஸ்ட் பொய் சொல்லும்.

18 ஜனவரி, இரவு 9.10

"அலர்ஜிக்காரரின் ரத்தம் ஏற்றினால் நமக்கும் வருமா?" பொழுதுபோக்காகக் கேட்டதாக எழுதியிருக்கிறார், ஆனால் இந்தத் துறையே இந்தக் கேள்வியில்தான் திறந்தது.

1921. அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரம், இப்போது போலந்தில் இருக்கிறது. அங்கே மருத்துவர் ஹைன்ஸ் கூஸ்ட்னருக்கு மீன் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது. அவருடைய சக ஆய்வாளர் கார்ல் பிராஸ்னிட்ஸுக்கு மீன் பிரச்சினை இல்லை. கூஸ்ட்னரின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை, கொஞ்சம் எடுத்து பிராஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலில் ஊசியால் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாறு. நிமிஷங்களில் தடித்துச் சிவந்தது. ரத்தத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது, அது தோலில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது என்று அன்று தெரிந்தது. அந்த ஏதோ ஒன்றைப் பிரித்தெடுக்க 45 வருஷம் ஆனது. 1966-ல் அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா தம்பதி கண்டார்கள். ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சனும் பென்னிச்சும் தனி வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1968-ல் ஐஜிஇ என்று பெயர் நிலைத்தது. நம் லேபில் சாதாரணமாக அடித்துக் கொடுக்கும் அந்த ஒரு வரி ரிப்போர்ட்டின் பின்னால் ஒருவர் தன் வயிற்றில் குத்திக்கொண்ட ஊசி இருக்கிறது. எனக்கு அது பெரிய விஷயம்.

ஆக, சிறிது காலத்துக்கு வரும். ஒட்டிய ஐஜிஇ தீர்ந்ததும் போய்விடும், தயாரிக்கும் செல்கள் உங்களிடம் இல்லையே.

21 ஜனவரி, பகல் 3.30

டி செல், பி செல் கணக்கை மேலே கொஞ்சம் எளிமையாக எழுதினேன். ஒரு மருத்துவ மாணவி ஐஎல்சி2 பற்றிக் கேட்டதால் அதைச் சேர்க்கிறேன். 2010-ல் தெளிவாக அடையாளம் காணப்பட்ட செல்கள் இவை. ஒரு குறிப்பிட்ட பொருளை அடையாளம் காணும் ஏற்பி இவற்றுக்குக் கிடையாது. சவ்வுச் செல்களின் அபாயச் செய்தி கிடைத்தாலே போதும், இன்டர்லூக்கின் 5-ஐயும் 13-ஐயும் கொட்டும். வைரஸ் ஜலதோஷம் வந்த வாரத்தில் அலர்ஜியும் சேர்ந்து முற்றுவதில் இவற்றுக்கும் பங்கு இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

கூடவே ஒன்று. நாள்பட்ட சளியில் சில சமயம் ஊசி முனை மாதிரி இருபுறமும் கூரான நிறமற்ற படிகங்கள் தெரியும். சார்கோ–லேடன் படிகம். செத்த ஈசினோபிலின் புரதம் படிந்து உண்டாவது. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வெறும் மிச்சம் என்றுதான் பாடம். 2019-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள் அந்தப் படிகமே எலிகளில் அழற்சியைத் தூண்டுகிறது என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு ஸ்லைடில் அதைப் பார்த்தால் கடந்துபோக மனம் வருவதில்லை.

27 ஜனவரி, இரவு 8.45

மருந்து. நான் டாக்டர் இல்லை, எந்த மருந்து எங்கே வேலை செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

செட்ரிசின், லெவோசெட்ரிசின், ஃபெக்ஸோஃபெனடின் எல்லாம் ஹிஸ்டமின் உட்காரும் இடத்தை மறிப்பவை. அரிப்புக்கும் தும்மலுக்கும் நன்றாகக் கேட்கும். அடைப்புக்கு அவ்வளவாகக் கேட்காது, ஏனென்றால் அடைப்பு ஹிஸ்டமின் மட்டும் செய்த வேலை இல்லை. பழைய அவில் மூளைக்குள்ளும் போகும், அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள்.

அடைப்புக்கு வேர் வரை போவது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. செல்களை வரவழைக்கும் செய்திகளையே குறைக்கிறது, வந்த ஈசினோபில்களின் ஆயுளையும் குறைக்கிறது. அதனால் அடித்த உடனே எதுவும் தெரியாது. தினமும் அடித்து முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். மூன்றாம் நாளே "வேலை செய்யவில்லை" என்று தூக்கிப்போடுபவர்கள்தான் அதிகம். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயப்படுபவர்களுக்கு: ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் வகைகளில் மூக்கில் அடிப்பதில் ரத்தத்தில் சேர்வது 2 சதவீதத்துக்கும் குறைவு. வலது துளைக்கு இடது கை, இடது துளைக்கு வலது கை. முனை நடுச்சுவரைப் பார்க்காமல் வெளிப்பக்கம், கண்ணின் ஓரத்தை நோக்கி இருக்க வேண்டும். நடுச்சுவரில் அடித்தால் ரத்தக் கசிவு வரும்.

மெடிக்கலில் கேட்டதும் கொடுக்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து வேறு. ஆக்ஸிமெட்டசோலின், ஸைலோமெட்டசோலின். ரத்தக்குழாயைச் சுருக்கி ஐந்து நிமிஷத்தில் மூக்கைத் திறந்துவிடும், செல்களைத் தொடாது. மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் போட்டால் சொட்டு இல்லாமல் மூக்கே திறக்காத நிலை வரும். என் உறவினர் ஒருவர் சட்டைப் பையில் அந்தப் பாட்டில் இல்லாமல் கல்யாண வீட்டுக்குக்கூடப் போகமாட்டார். அதிலிருந்து அவரை மீட்கப் பட்ட பாடு பெரிது.

28 ஜனவரி, காலை 7.20

படுக்கை விஷயம் கேட்டவர்களுக்கு. உறைகளை 60 டிகிரி வெந்நீரில் வாரம் ஒருமுறை. மெத்தையை வெயிலில் போட்டால் உண்ணி சாகும், எச்சத்தின் புரதம் சாகாது, ஆகவே துவைப்பது முக்கியம். இலவம்பஞ்சுத் தலையணையைத் துவைக்க முடியாது, நெருக்கமான நெசவில் ஜிப் வைத்த உறை போட்டு மூடிவிடுங்கள்.

4 பிப்ரவரி, இரவு 10.15

சென்னையிலிருந்து ஒருவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். தோல் டெஸ்ட் நெகட்டிவ், ரத்த ஐஜிஇ நார்மல், தூசி பட்டால் அவதி. "மனப்பிரமை" என்று வீட்டிலேயே சொல்லிவிட்டார்களாம்.

மனப்பிரமை இல்லை என்று நான் நம்பக் காரணம் இருக்கிறது. சிலருக்கு ஐஜிஇ மூக்குச் சவ்விலேயே உற்பத்தியாகி அங்கேயே மாஸ்ட் செல்களில் ஒட்டிவிடுகிறது, தோலுக்கும் ரத்தத்துக்கும் வருவதே இல்லை. ஸ்பெயினின் மாலகா நகர மருத்துவர்கள் இப்படிப்பட்டவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். மூக்கிலேயே உண்ணிச் சாறை வைத்துச் சோதித்தால் பிடிபடுகிறது. அந்தச் சோதனை எல்லா ஊரிலும் கிடைக்காது, இஎன்டி டாக்டரிடம் லோக்கல் அலர்ஜிக் ரைனைட்டிஸ் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அலர்ஜியே இல்லாமல் நரம்புக் கோளாறால் ஒழுகும் மூக்கும் உண்டு, அதற்கு வைத்தியம் வேறு. இரண்டில் எது என்று பார்க்காமல் மனதின் மேல் பழி போடுவது தவறு.

11 பிப்ரவரி, மாலை 6.30

திருச்சித் தம்பிக்கு உண்ணிதான் என்று டெஸ்டில் உறுதியாகிவிட்டதாம், டாக்டர் அலர்ஜி ஊசி பற்றிப் பேசியிருக்கிறார். "அலர்ஜிப் பொருளையே ஊசியில் ஏற்றினால் இன்னும் மோசமாகாதா?"

1911-ல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் லியோனார்ட் நூன் புல் மகரந்தச் சாறை வைத்துத் தொடங்கிய முறை இது, அவருக்குப் பின் ஜான் ஃப்ரீமன் தொடர்ந்தார். மிகச் சிறிய அளவில் ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போகும்போது, அடக்கி வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் உருவாகின்றன. ஐஜிஜி4 என்ற வேறு ஆன்டிபாடி பெருகி, உண்ணிப் புரதம் மாஸ்ட் செல்லை அடையும் முன்பே அதைப் பிடித்துக்கொள்கிறது. மாத்திரையும் ஸ்ப்ரேயும் நிறுத்தினால் பழையபடி திரும்பும். இந்த முறை ஒன்றுதான் டி செல்கள் முதலில் எடுத்த முடிவையே மாற்றப் பார்க்கிறது. ஆகவே அவசரம் கூடாது, மூன்று வருஷமாவது தொடர வேண்டும். முதல் சில மாதங்களில் ஐஜிஇ ஏறினால் பயப்படாதீர்கள், பிறகு மெல்ல இறங்கும்.

ஆஸ்துமா இளைப்பு இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே ஊசி ஆரம்பிக்க வேண்டும், இதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். உடம்பு முழுக்க எதிர்வினை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் வரும், அதற்கு அட்ரினலின் கையில் இருக்கும் இடத்தில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து போடுகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.